இரண்டு முறை விழுந்த பாலம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கனடாவில் கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் ஒரு ரயில் பாலம் இருக்கு. நடு இடைவெளி 549 மீட்டர். கேன்டிலீவர் பாலங்களில் இன்னிக்கும் உலகத்திலேயே நீளமானது அதுதான். அது கட்டும்போதே இரண்டு முறை விழுந்தது.

முதலில் 1600 அடி என்று இருந்த இடைவெளியை, 1900-இல் ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் 1800 அடியாக்கினார். ஆழம் குறைந்த இடத்தில் தூண் கட்டலாம், பனிக்கட்டி மோதுவதும் குறையும் என்றார். நியாயமான காரணம்தான். ஆனால் நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடுமில்லையா? அந்தக் கணக்கை யாரும் ஒழுங்காகத் திரும்பப் போடலை. 1906-இல் உண்மை எடை தெரிய வந்தபோது வேலை வெகுதூரம் போயிருந்தது. தாங்கும் என்று கூப்பர் விட்டுவிட்டார்.

அவர் இருந்தது நியூயார்க்கில். வயசு அறுபதைத் தாண்டி, உடம்பும் சரியில்லை. எஃகு வேலை நடந்த காலத்தில் ஒருநாள்கூடக் களத்துக்கு வரலை. களத்தில் அவருக்காக இருந்தவர் மெக்லூர் என்ற இளம் பொறியாளர், உங்களை மாதிரி படிச்சு முடிச்சுக் கொஞ்ச காலம் ஆனவர். 1907 ஆகஸ்டில், அழுத்தம் தாங்கும் கீழ் உறுப்பு ஒன்றில் முக்கால் அங்குலம் இருந்த வளைவு, இரண்டே வாரத்தில் இரண்டேகால் அங்குலமாச்சு. வரும்போதே வளைஞ்சிருக்கும் என்றார்கள் சிலர். மெக்லூர் நியூயார்க்குக்கு ரயிலேறினார்.

29-ஆம் தேதி அவர் சொன்னதைக் கேட்டதும், இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். யாருக்கு? பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு. பாலத்துக்குத் தகவல் போகலை. அன்று சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், சில விநாடிகளில் பாலம் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் போயிட்டாங்க.

விசாரணைக் கமிஷன், கூப்பரும் வடிவமைப்பாளர் ஸ்லாப்காவும் எடுத்த முடிவுகளில்தான் பிழை என்றது. புதுப் பாலத்துக்கு எஃகு வெகுவாகக் கூடிற்று. அப்படியும் 1916-இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 1917-இல்தான் ரயில் ஓடியது.

1907-இல் இறந்தவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊர்க்காரர்கள், மொஹாக் பழங்குடியினர். இனிமேல் ஊர் ஆண்கள் எல்லாரும் ஒரே வேலைக்குப் போகக் கூடாது, பிரிஞ்சு பிரிஞ்சுதான் போகணும் என்று அந்த ஊர்ப் பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். அப்படித்தான் போனார்கள், நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்கள் வரைக்கும்.