தலைவி என்னும் பெயரும் அதற்குரிய அதிகாரமும்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டார அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜீவனத்தின் பொருட்டு ஊரைவிட்டுச் செல்லுதல் நமக்குப் புதிதன்று. பழைய தென்னார்க்காடு ஜில்லாவினின்றும் கங்காணிமார் மூலமாக மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர் அநேகர். 1938-ல் இந்திய அரசாங்கத்தார் அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்தனர். ஆயினும் முன்னரே சென்றவர்களில் பலரை 1942, 1943-ஆம் வருஷங்களில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர். அங்கு மாண்ட தமிழர் பல்லாயிரவர். யுத்தத்தால் கடிதப் போக்குவரத்தும் நின்றுபோகவே, ஊரிலிருந்த மனைவியரில் பலர், தாம் சுமங்கலியரோ விதவையரோ என்றறியாமலே காத்திருந்தனர்.

இன்று நம்மவர் சென்னை, பெங்களூரு கட்டிட வேலைகளுக்கும், வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூருக்கும் செல்கின்றனர். கைப்பேசியில் தினமும் முகம் பார்த்துப் பேசலாம். ஆயினும் வீட்டிலுள்ளவளின் கஷ்டம் தீர்ந்ததா? மல்லாட்டைக் கொல்லையில் ஆள் வைத்துக் களையெடுப்பிப்பவள் அவளே. மாமனார் மாமியாருக்கு வைத்தியம் பார்ப்பவளும், வட்டி கேட்டு வருவோருக்குப் பதில் சொல்பவளும் அவளே. ஆனால் பயிர்க்கடன் கேட்கப் போனால், "பட்டாதாரர் எங்கே?" என்ற கேள்வி எழுகிறது. கணவன் அனுப்பும் பணமோ பல வீடுகளில் கொழுந்தனார் கணக்கிற் சேர்கிறது; உப்புக்கும் புளிக்கும் அவள் கையேந்தி நிற்கிறாள். பொறுப்பு முழுவதும் அவளுடையது, அதிகாரம் பிறருடையது.

2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டை விஷயத்தில், பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்கிறது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகையும் குடும்பத் தலைவிக்கென்றே ஏற்பட்டது. சர்க்கார் ஒப்புக்கொண்ட தலைமையை நாம் நமது பத்திரங்களில் ஒப்புக்கொண்டோமா?

பெண் கையிற் பணம் சேர்ந்தால் குடும்பம் கெடும் என்பர் சிலர். பெற்றோரையும் பிள்ளைகளையும் வீட்டையும் ஒருத்தியை நம்பி ஒப்படைத்துவிட்டு, ஒரு பாங்கிக் கணக்குக்கு மட்டும் அவளை நம்பாதிருத்தல் நியாயமாகுமா?

ஆகையால், வெளியூர் செல்லும் சகோதரர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, பணத்தை மனைவியின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். இரண்டாவது, கூடுமானால் நிலத்தில் அவளுக்கும் பங்கெழுதிப் பதிவு செய்து, கூட்டுப் பட்டா பெறுங்கள். இயலாவிடில், இன்னின்ன காரியங்களுக்கென்று வரையறுத்து அதிகாரப் பத்திரமாவது எழுதிக் கொடுங்கள். மூன்றாவது, பாஸ்போர்ட்டு, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் இவற்றின் நகல்களை அவளிடம் வைத்துச் செல்லுங்கள். ஆபத்து நேர்ந்தபின் தேடினால் அவை அகப்படா.

பத்திரமெழுதத் தெரிந்த நம் அங்கத்தினர்கள் இக்குடும்பங்களுக்குக் கூலி வாங்காமல் எழுதித்தர முன்வர வேண்டுமென்று பிரார்த்தித்து, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.