படம் யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஊர்ப் படப்பிடிப்பாளர்களின் தொழிலைப் பற்றியது. இதிலே பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் தொடங்கி அந்தியேட்டி மலரிலே அச்சாகும் முகம் வரையில், நம் வாழ்வின் ஒவ்வொரு படியிலும் கமராவோடு ஒருவர் நிற்கிறார். அவருடைய உழைப்பை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது நம் நேர்மையைப் பற்றிய கேள்வியாகும்.

கலியாண வீட்டில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொன்னுருக்கல் முதல் கால்மாறிப் போகும்வரை படப்பிடிப்பாளர் உடன் நிற்கிறார். பின்னர் பல இரவுகள் கணினிக்கு முன்னிருந்து படங்களைத் தேர்ந்து, நிறம் திருத்தி, தெரிவு செய்வதற்காக மாதிரிப் படங்களை அனுப்புகிறார். வீட்டாரோ அந்த மாதிரியையே கைத்தொலைபேசியில் பிடித்து, மூலையிலுள்ள பெயரை வெட்டிவிட்டு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அல்பத்தில் ஒரு பிரதியை வாங்கி, மற்றவற்றை வேறு கடையில் மலிவாகப் போடுவிப்பவர்களும் உண்டு. கேட்டால், "காசு கொடுத்தது நாங்கள், முகமும் எங்களுடையது, பிறகென்ன?" என்பார்கள்.

இந்த வாதம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். பெரியோர்கள் அப்படி நினைப்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. பிரித்தானியர் 1911 ஆம் ஆண்டு இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் இலங்கையிலும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுப்பித்தவரே உரிமையாளர் என்றது அச்சட்டம். உரிமைக் காலம் நெகற்றிவ் எடுக்கப்பட்டதிலிருந்து 50 ஆண்டு. ஆயினும் அக்காலத்துப் படப்பிடிப்பாளர் பிழைத்துக்கொண்டார். எப்படி? நெகற்றிவ் அவருடைய பெட்டியில் இருந்தது! இன்னொரு பிரதி வேண்டுமானால் அவருடைய கடைப்படியைத்தான் மிதிக்க வேண்டும். படம் எடுக்கும் கூலி சிறிதாயினும், பிரதி போடுவதில் வந்த வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. இன்று நெகற்றிவ் இல்லை. ஒருமுறை கைமாறிய படம் ஒரு நொடியில் நூறு பிரதியாகிறது. மூலத்துக்கும் பிரதிக்கும் வேற்றுமை இல்லை. பெட்டி கொடுத்த பாதுகாப்புப் போய்விட்டது.

ஆனால் சட்டமும் அதே இடத்தில் நிற்கவில்லை. 1979 இல் நம் நாட்டுக்கெனப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒளிப்படமும் பாதுகாக்கப்படும் படைப்பு. படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எடுத்த படமாயின், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, வேலை கொடுத்தவருக்கு அவ்வுரிமை சேரும். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்த கணமே உரிமை பிறக்கிறது. அது படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்தில், கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுத்துவிட்ட பின்னரும், படத்தோடு தன் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை படைத்தவரை விட்டு நீங்காது. வேண்டுமென்றே மீறுபவருக்கு நீதிவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டமோ, பணம் கொடுத்து எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்ற பழைய விதியை ஒளிப்படத்துக்கு வைத்திருக்கிறது. ஆதலால் சென்னையிலுள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே வழக்குப் பேசலாகாது.

கமராதானே படம் எடுக்கிறது, அந்த மனிதர் என்ன படைத்தார் என்று கேட்பவரும் உளர். இக்கேள்விக்கு 1884 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது. நெப்போலியன் சரோனி என்பவர் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டைப் படம் எடுத்தார். ஓர் அச்சுக் கம்பெனி அனுமதியின்றி அதை 85,000 பிரதிகள் அச்சடித்தது. இருக்கும் நிலை, உடை, ஒளி, நிழல் எல்லாவற்றையும் எண்ணி அமைத்தவர் சரோனி. எனவே படம் அவருடைய படைப்பே என்று தீர்ப்பாயிற்று.

நம் நாட்டு மண்ணோடு சேர்ந்த உதாரணமும் ஒன்றுண்டு. கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் கமரன் உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர். இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டுச் சட்டம் ஒளிப்படத்துக்கு முதன்முறை பதிப்புரிமை வழங்கியது. இரண்டு ஆண்டுக்குள் அந்த அம்மையார் தம் படங்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். தம் உழைப்பைக் காக்கவேண்டும் என்ற விழிப்பு அன்றே அவருக்கு இருந்தது.

துறைமுக ஊர்க்காரராகிய நமக்கு இதை விளக்குவது எளிது. கப்பலுக்குக் கூலி கொடுத்தால் பொதி நம்முடையது, கப்பல் நம்முடையதாகிவிடாது. அதுபோல முகம் நம்முடையது, வாங்கிய அல்பம் நம்முடையது. படைத்த உரிமை படப்பிடிப்பாளருடையது.

முகம் நம்முடையது என்றேனே, அதைப் படப்பிடிப்பாளர்களும் மறக்கலாகாது. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குப் படத்தைப் பெற்றாரைக் கேளாமல் கடைக் கண்ணாடியிலும் முகநூலிலும் விளம்பரமாக வைப்பது அறமன்று. இங்கிலாந்தின் 1988 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையைப் படப்பிடிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத் தேவைக்காக எடுப்பித்த படத்தைப் பகிரங்கப்படுத்தாதிருக்கக் கேட்கும் உரிமையை வாடிக்கையாளருக்கு வைத்திருக்கிறது. இது நியாயமான பங்கீடு.

இன்னொன்றையும் இந்த ஊரில் நின்று சொல்லாமல் விடமுடியாது. போரிலும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடற்கோளிலும் வீட்டோடு படங்களையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காணாமற்போன மகனின் கிழிந்த படம் ஒன்றைப் பெருப்பித்துத் தரும்படி ஒரு தாய் வருவாளானால், இதை எடுத்தவர் யார், அனுமதி எங்கே என்று எவரும் கேட்கவேண்டாம். பழைய நெகற்றிவ்களை இன்னும் வைத்திருக்கும் ஸ்ரூடியோக்காரர் அவற்றைக் குப்பையில் போடாமல் காப்பது பெரும் புண்ணியம். உரிமை என்பது பிழைப்பைக் காக்கும் வேலி. துக்கத்துக்கு முன் அந்த வேலியின் படலை திறந்தே இருக்கட்டும்.

இனி நாம் செய்யவேண்டியவை சில. படப்பிடிப்பாளர்கள் வேலை ஏற்குமுன் ஒரு தாளில் எழுதி இருபுறமும் கையொப்பம் இடுங்கள்: உழைப்புக்கு எவ்வளவு, அல்பத்துக்கு எவ்வளவு, படங்களைக் கணினிப் பிரதியாகக் கொடுப்பதாயின் எவ்வளவு, வீட்டார் அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக இருக்கட்டும். உறவினருக்கு அனுப்புவதையும் விலையில் சேர்த்து அனுமதித்துவிட்டால் பாதிச் சச்சரவு தீரும். மாதிரிப் படங்களைச் சிறிய அளவில், குறுக்கே பெயர் பொறித்து அனுப்புங்கள். வாடிக்கையாளர்கள் பிரதி வேண்டுமாயின் முதலில் எடுத்தவரிடம் கேளுங்கள். பிரதி போடும் கடைக்காரர்கள், பெயர் பொறித்த படம் வந்தால் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோணேசர் கோயில் திருவிழாவையும் பத்திரகாளி அம்மன் தேரையும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படங்கள் பெயரில்லாமல் கலண்டரிலும் துண்டுப் பிரசுரத்திலும் வருகின்றன. நாம் முன்மாதிரியாக இருப்போம். நம் சங்கத்தின் மலரில் அச்சாகும் ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி பெறப்பட வேண்டும். அதன் கீழ் எடுத்தவர் பெயர் இடம்பெற வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் இத்தொழிலைக் கற்க நினைக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் உழைப்பு மதிக்கப்படும் என்ற நம்பிக்கையை அது கொடுக்கும். இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றும்படி செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.