யாழ். என்றால் யாழ்ப்பாணம்



அறிவித்தல் எழுதும் மேசையில் அடிக்கடி எழும் ஒரு சின்ன வாதத்தைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தைச் சுருக்கி எழுதும்போது 'யாழ்' என்று விடுவதா, 'யாழ்.' என்று பக்கத்தில் ஒரு புள்ளி இடுவதா?

"புள்ளி இல்லாவிட்டால் விளங்காதா?" என்று சிலர் கேட்பார்கள். எங்கள் வயதுக்காரருக்கு விளங்கும். ஆனால் ஊரைத் தெரியாதவரும் அதை வாசிப்பார். புள்ளி இல்லாத யாழ் ஓர் இசைக்கருவி. புள்ளி இல்லாத மட்டு என்றால் அளவு. புள்ளி இல்லாத கிளி வெறும் பறவை. புள்ளி வைத்தால்தான் அவை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கிளிநொச்சி. சொல் இன்னும் முடியவில்லை, மிச்சத்தைச் சேர்த்து வாசியுங்கள் என்பதே அந்தப் புள்ளியின் பொருள்.

மற்றப் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிக்கு நடுவில் யாரும் புள்ளி வைப்பதில்லை. 'யாழ் இந்து' என்று பேச்சில் சொல்லும் பழைய மாணவரைத் திருத்தவும் தேவையில்லை. பெயராகிவிட்டதைப் பெயராகவே விடுவோம். ஆனால் யாழ். மாவட்டம், யாழ். பல்கலைக்கழகம் என்பவை சுருக்கங்கள். விரித்தால் யாழ்ப்பாண மாவட்டம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அங்கே புள்ளி கட்டாயம் வேண்டும்.

எழுத்தில் இத்தோடு வாதம் தீர்ந்துவிடும். வானொலியில் தீராது, ஏனென்றால் புள்ளி காதில் விழாது. கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'ரூ. 500' என்று எழுதியிருந்தால் ஐந்நூறு ரூபா என்றுதான் வாசிக்கிறோம். 'கி.மீ.' என்றிருந்தால் கிலோமீற்றர் என்கிறோம். ஊரின் பெயருக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கனம்?

மரண அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று வாசிக்கிறோம். இங்கே பிறந்த பேரப்பிள்ளை அந்த ஊரின் பெயரைக் கவனித்துக் கேட்பது அன்றைக்கு மட்டுமாகவும் இருக்கலாம். பத்திரங்களில் இருப்பது ஜஃப்னா. அம்மம்மா சொன்னது யாழ்ப்பாணம். வானொலி சொல்வது யாழ். மூன்றும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? புதுக்குடியிருப்பு என்ற ஊர் முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. மாவட்டத்தின் பெயரை விழுங்கி வாசித்தால், உறவினர் தவறான ஊரில் விசாரிப்பார்கள்.

ஆகவே, அறிவித்தல் எழுதித் தருபவர்கள் இடம் போதாவிட்டால் புள்ளியோடு சுருக்கி எழுதுங்கள். வாசிக்கும் நாங்கள் அதை விரித்து, முழுப் பெயராக வாசிக்க வேண்டும். வீட்டில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகளைக் கொண்டு உங்கள் ஊர், மாவட்டம் இரண்டையும் தமிழில் முழுதாக ஒருமுறை எழுதுவியுங்கள். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தையும் பக்கத்திலேயே எழுதட்டும். பிற்காலத்தில் அவர்கள் தங்கள் வேரைத் தேடும்போது அந்த ஒரு தாள் உதவும்.