அவதானமும் ஞாபகமும்
(சங்க ஆண்டு விழாவில் மாணவர்க்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



சோதனைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு முறைப்பாடு கேட்கும். “பிள்ளை விடிய விடியப் படிக்கின்றான், மண்டபத்துக்குட் போனதும் எல்லாம் மறந்துவிடுகின்றது” என்று பெற்றோர் கவலைப்படுவர். பிள்ளையோ, தனக்கு மூளை போதாது என்று தானே தீர்ப்புக் கூறிவிடுகின்றான். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட எத்தனையோ பேர் இத்தீர்ப்பை நம்பியே விட்டனர். குறை பெரும்பாலும் மூளையில் அன்று. படிக்கும் முறையில் உளது.

வல்லாரையைப் பழிக்க வந்தேனல்லேன். வல்லாரைச் சம்பல் சோற்றுக்கு நல்ல கறி. அதனை உண்டுவிட்டதனாற் பாடம் மனத்தில் ஏறிவிடும் என்று இருப்பவர் ஏமாந்து போவர்.

நம் புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்களைச் சதாவதானி என்று தமிழுலகம் போற்றியது. பலர் பல கேள்விகளை இடையிட்டுக் கேட்க, முதுகில் எறியப்படும் கற்களையும் எண்ணிக்கொண்டு, முடிவில் யாவற்றையும் வரிசைபிறழாது கூறுவது அவதானக் கலை. அதன் பெயரை நோக்குங்கள். ஞாபகம் என்று வைக்கவில்லை. அவதானம் என்றே வைத்தனர். “அவதானமாய்ப் போ” என்று நம் அம்மாமார் நாள்தோறும் கூறும் அதே சொல்தான். கவனம் செலுத்தாத பொருள் மனத்தினுள் நுழையவேயில்லை. நுழையாததை மறந்துவிட்டேன் என்பது எங்ஙனம் பொருந்தும்? ஒரு கையிற் புத்தகமும் மறு கையிற் கைத்தொலைபேசியுமாக இருப்போர் இதனைச் சிந்திப்பாராக.

இனி, நுழைந்தது நிலைப்பது எப்படி? ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே பாடமாக்கி, மீண்டும் பாடமாக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சப்படுகின்றது என்று அளந்து, 1885 இல் நூலாக வெளியிட்டார். ஒரு நாள் கழிந்தபின் மிச்சப்பட்டது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அதற்குப் பின் மறதியின் வேகம் தணிந்துவிடுகின்றது. ஆதலால் முதல் நாளே ஆபத்தான நாள்.

அந்த ஆபத்தைத் தடுக்கப் பலர் செய்வது, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. இதுவே பெரும் மயக்கம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006 இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர் ஒரு பகுதியை இருமுறை வாசித்தனர். வேறொரு பகுதியை ஒருமுறை வாசித்தபின், பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது இருமுறை வாசித்ததே சற்று முந்தியது. ஒரு வாரத்தின் பின் கேட்டபோதோ, இருமுறை வாசித்ததில் நூற்றுக்கு 42 பங்கும், பாராமல் எழுதிப் பார்த்ததில் 56 பங்கும் நினைவில் நின்றன. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றும். அது கண்ணுக்குப் பழக்கமேயன்றி மனத்துக்குச் சொந்தமன்று.

செய்யவேண்டியது எளிது. ஒரு பக்கம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் வந்ததைப் பழைய கொப்பியின் பின்புறத்தில் எழுதுங்கள், பின்னர் திறந்து பிழை திருத்துங்கள். எழுதச் சோம்பலாயின் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை நாள்தோறும் முறைவைத்துச் சொல்லுவித்ததும் இந்த நெறியே. (அங்கிருந்த பிரம்பை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்வோம்.)

வரிசையாகச் சொல்லவேண்டியவற்றுக்கு வேறொரு வழியுண்டு. உரோம நாட்டுச் சிசரோவும் இதனைப் பற்றி எழுதியுள்ளார். நன்கு தெரிந்த ஓரிடத்தை மனத்தால் சுற்றி வந்து, ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பொருளை வைத்துவிடுவது. நமக்கு ஊர்க் கோயிலைவிடத் தெரிந்த இடம் வேறு ஏது? நாவலர் பெருமானைப் பற்றிப் பேசவேண்டிய மாணவன் கோபுரவாசலில் ஒரு தொட்டிலை வைக்கட்டும்: 1822, நல்லூரிற் பிறப்பு. கொடித்தம்பத்தடியில் ஏடேந்திய சிறுவர்: 1848, வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலை. நந்தியின் அருகே தில்லைக் கோபுரம்: 1864, சிதம்பரத்தில் வித்தியாசாலை. வசந்தமண்டபத்தில் ஓர் அணைந்த விளக்கு: 1879, மறைவு. ஆண்டுகள் நழுவுமாயின் இடைவெளிகளைப் பிடித்துக்கொள்ளலாம்: 26, 16, 15. ஆயினும் இம்முறை வரிசைக்கும் பெயர்களுக்குமே உதவும். கேத்திரகணிதத்தைத் தொட்டிலில் வைத்துப் பயனில்லை. அதனை விளங்கியே படித்தல் வேண்டும்.

நித்திரையைக் குறைத்துப் படிப்பதும் நட்டமே. படித்தது மனத்தில் உறைவதற்கு உறக்கம் துணைசெய்கின்றது. பெற்றோர் பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் மாணவர்கள் கோபிக்கலாகாது.

மாணவர்களே, இன்றிரவு வீடு சென்றதும் அந்த நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாளைக் காலை ஒருமுறை. வருகின்ற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, கோபுரவாசலில் தொடங்கி மூன்றாம் முறை சொல்லிப் பாருங்கள்.