அலுவலகத்திற்கு முதல் நாள் சைக்கிளில்



தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சைக்கிள் புதிய பொருளன்று. பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஸ்டோருக்குப் போனது சைக்கிள். மாதச் சாமானை டவுனிலிருந்து ஏற்றி வந்ததும் அதுதான். காய்ச்சல் கண்ட பிள்ளையை நடுஇரவில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். சைக்கிள் விடுவதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இஸ்திரி போட்ட சட்டையோடு, காலை எட்டரை மணிக்கு நாற்காலியில் இருக்கவேண்டிய அலுவலகத்திற்கு, சிங்கப்பூர் நகரத்தின் நடுவே முதல் நாள் சைக்கிளில் போன பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

நம் தோட்டங்களிலிருந்து படித்துவிட்டு வெளியேறிய பிள்ளைகள் பலர் இன்று பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை எண்ணி இங்கே கவலைப்படும் பெற்றோருக்காகவும் எங்கள் அனுபவத்தை இன்று சொல்கிறோம்.

நாங்கள் இருவர். ஒருவர் மாமன் மகன், மற்றவர் அத்தை மகன். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது. தேக்கா பக்கத்தில், டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை எடுத்தோம். அலுவலகம் ஆற்றுக்கு அப்பால், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம். தூரம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். ரயில் உண்டு, பேருந்தும் உண்டு. ஆனால் அதே மாடியில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தம் பழைய சைக்கிளை எங்களுக்கு விட்டுப்போனார். இன்னொன்றைக் குறைந்த விலையில் வாங்கினோம். மாதம் முடிந்தால் வீட்டிற்குப் பணம் அனுப்பவேண்டிய எங்களுக்குச் சிறு தொகையும் பெரிதாகத்தான் தெரிந்தது.

வீட்டிற்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, அப்பா பால் ஏத்துன சைக்கிள் போதாதா? படிச்சு ஆபீசுக்குப் போற நீயும் அதையேதான் மிதிக்கணுமா?" என்று கேட்டார். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: "பிரேக் புடிக்குதா?"

அம்மாவின் மனக்குறை எங்களுக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்தில் கிராணி மோட்டார் சைக்கிளில் போவார், துரை ஜீப்பில் போவார், பால் வெட்டுகிறவர் சைக்கிளில் போவார். யார் எதில் போகிறார் என்பதை வைத்தே மனிதரை எடைபோட்ட இடம் அது. ஆனால் சைக்கிளை அப்படித் தாழ்வாக எண்ண நமக்கு உரிமை இல்லை. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்துசேர்ந்தன. அவற்றை அப்போது பெரிதாக மதித்தவர் அதிகமில்லை. 1888இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட, காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல், பட்டையைச் சாய்வாகச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் அவர். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் சொன்னதால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வைத்தார்கள். மோட்டார் கார் பெருகுவதற்கு முன்னால் ரப்பரைத் தேடி அலைந்தவை சைக்கிள் டயர்கள்தாம். நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த கதையில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு. (நாங்கள் தங்கிய டன்லப் தெருவுக்கும் இந்த டயர் டன்லப்புக்கும் உறவில்லை. அது பழைய போலீஸ் அதிகாரி ஒருவரின் பெயர் என்பார்கள்.)

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருந்தால் "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பார். ஆகவே நாங்கள் சொல்லவில்லை.

வேலைக்குச் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முறை வழியைப் பார்த்துவரப் புறப்பட்டோம். வாசலை விட்டுச் சிராங்கூன் சாலைக்கு வந்ததுமே முதல் தடை. அங்கே வண்டிகள் எல்லாம் நகரத்தை விட்டு வெளியே போகும் திசையில்தான் ஓடும். ஒருவழிச் சாலை. சைக்கிள்தானே, ஓரமாக எதிர்த்துப் போய்விடலாம் என்று தோட்டத்துப் பழக்கத்தில் தோன்றும். கூடாது. சாலையில் இறங்கிவிட்டால் சைக்கிளும் ஒரு வண்டி. வண்டிக்குரிய சட்டம் அதற்கும் உண்டு. கடைத்தெருவின் ஐந்தடி நடையிலே ஓட்டுவதும் சரியன்று. அங்கே பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும், சிலநேரம் ஒரு பாட்டியம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். டன்லப் தெரு வழியே அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குப் போனால் ஜாலான் புசார். அந்தச் சாலை நகரத்தை நோக்கி ஓடுகிறது. ஆகவே காலையில் ஜாலான் புசார், மாலையில் செலிகி சாலை வழியாகச் சிராங்கூன் சாலை. போகும் வழி ஒன்று, வரும் வழி வேறொன்று. இரண்டையும் தனித்தனியே பழக வேண்டும்.

ஜாலான் புசார் கால்வாயைக் கடந்ததும் பென்கூலன் தெரு. சுமத்ராவில் உள்ள பென்கூலனிலிருந்து 1825இல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஊரின் பெயர்தான் இந்தத் தெருவுக்கு. முன்பு நான்கு தடங்களிலும் வண்டிகள் ஓடிய தெரு இது. நிலத்தடி ரயில் நிலையம் கட்டி முடித்து 2017ஆம் ஆண்டு மே மாதம் தெருவை மறுபடி திறந்தபோது, தடங்களைக் குறைத்து, அகலமான நடைபாதையும் சைக்கிளுக்கென்றே தனிப் பாதையும் அமைத்தார்கள். நகரத்தின் நடுவே காருக்கிருந்த இடத்தை எடுத்து நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் கொடுத்தது சிறிய காரியம் அன்று. எங்கள் முழுப் பயணத்தில் மூச்சு நிதானமாக வந்த இடம் அதுதான்.

அதன்பின் பிராஸ் பாசா சாலையைத் தாண்டி, மெல்ல ஓட்டியும் தள்ளியும் ஆற்றங்கரைக்கு வந்தால் கேவனா பாலம். 1869இல் முடிந்தது. இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று என்று அதைச் சொல்வர். மூன்று அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டியும், ஆடுமாடு குதிரையும் போகக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. மூன்று அந்தர் என்றால் சுமார் 150 கிலோ. "நாம ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல வந்திருந்தாலும் போகலாம் மச்சான்" என்று சிரித்துக்கொண்டோம். ஆயினும் பாலத்தில் நடப்பவர்கள் மிகுதி. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

ஞாயிறு அவ்வளவு எளிதாக இருந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது.

திங்கட்கிழமை புறப்பட்டபோது இன்னும் இருட்டு. சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் 1982 ஜனவரி முதல் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதனால் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் அந்த வேளையில் போவது குற்றம். அதைவிட முக்கியம், விளக்கில்லாதவனை லாரிக்காரர் பார்ப்பதில்லை. சாலையில் ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் 2019 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். விளக்கும் இருந்தது, கவசமும் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒன்று திங்கட்கிழமை இருந்தது. சாலை நிறைய லாரியும் பேருந்தும்.

கால்வாயை ஒட்டிய சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஒரு நீண்ட லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் இடப்பக்கத்தில் சைக்கிள் நுழையும் அளவு இடம் இருந்தது. எங்களில் முன்னே போனவர் அந்த இடைவெளியில் புகுந்து லாரியின் நடுப்பகுதி வரை போய்விட்டார். பச்சை விழுந்தது. லாரி இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. பின்னால் இருந்தவர் "மச்சான்! எறங்கு!" என்று கத்தினார். அவர் சைக்கிளோடு நடைபாதை மேல் விழுந்தார். லாரியின் பின் சக்கரம் அவர் நின்றிருந்த இடத்தின் மேலே ஏறிப்போயிற்று. ஓட்டுநர் நிறுத்தவில்லை. எங்களை அவர் பார்க்கவே இல்லை.

அவர் ஏன் பார்க்கவில்லை என்பதை எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தோட்டத்தில் டிராக்டர், டிரெய்லரை இழுத்துக்கொண்டு வளைவில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் சாலையில்தான் போகும். டிரெய்லரின் சக்கரமோ உட்புறமாக வெட்டிக்கொண்டு வந்து ஓரத்துப் புல்லை நசுக்கும். நீண்ட லாரியும் பேருந்தும் அப்படியே. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போவதில்லை. வண்டி நீளமாக நீளமாக இந்த வெட்டும் அதிகம். அத்துடன், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு இடப்பக்கத்தில் கதவை ஒட்டித் தாழ இருப்பது தெரியாது. ஓட்டுநரின் முகம் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லையென்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் எவ்வளவு இடம் இருந்தாலும் நுழையக் கூடாது. அதன் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் தாமதமாகும். ஆகட்டும்.

அன்று நாங்கள் தாமதமாகத்தான் போனோம். முழங்கையில் சிராய்ப்பு, கால்சட்டையில் சங்கிலி எண்ணெய், முதுகு முழுதும் வேர்வை. மேலாளர் ஒருவர் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர்க் காட்டில் வேர்க்காத நாள் உண்டா? ஆனால் அங்கே வேர்வை வேலையின் அடையாளம். அலுவலகத்தில் அது அழுக்கு. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வேர்வை உலர்வதில்லை. உடம்பு சூடு தணியும் வரை வந்துகொண்டே இருக்கும். இறங்கியதும் அவசரமாகப் புதுச் சட்டையை மாட்டினால் அதுவும் நனையும். நடக்கிறவரைவிடச் சற்று வேகமாக, அவ்வளவுதான் மிதிக்க வேண்டும். பத்து நிமிடம் நிழலில் நின்று, ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்து, பின்பு பையில் மடித்து வைத்திருக்கும் சட்டையைப் போட வேண்டும். முதுகில் பை மாட்டாமல் கேரியரில் கட்டினால் பாதி வேர்வை குறைகிறது. சங்கிலிக்கு மூடி இல்லாவிட்டால் கால்சட்டையின் ஓரத்தை ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்ளலாம். நம் பெண்பிள்ளைகள் துப்பட்டாவைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டே ஏறவேண்டும். அது சக்கரக் கம்பியில் சுற்றிக்கொண்டால் கழுத்துக்கே ஆபத்து.

மழை வேறு கதை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு வரும் மழையை நீங்கள் அறிவீர்கள். அன்றைக்கு வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அலுவலகத்தில் அப்படியன்று. மழை பெய்தாலும் எட்டரை எட்டரைதான். அத்தகைய நாளில் நாங்கள் பிடிவாதம் பிடிக்காமல் ரயிலில் போய்விடுகிறோம். மடக்கும் சைக்கிளாக இருந்தால் ரயிலிலேயே கொண்டுபோகலாம். அளவுக்குள் அடங்கினால் போதும், கூட்ட நேரத்திலும் அனுமதி உண்டு. எங்களுடையது போன்ற பழைய சைக்கிளுக்கு இடமில்லை.

நடைபாதையில் ஓட்டுவது பற்றியும் கேட்பீர்கள். சாதாரண நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது 2019இல் வந்த விதி. சைக்கிள் பாதை பக்கத்திலேயே இருந்தால் நடைபாதை நடப்பவருக்கு மட்டுமே என்று 2025 ஜூலை முதல் வைத்திருக்கிறார்கள். இது நியாயமான விதி என்றே எங்களுக்குப் படுகிறது. லாரிக்குப் பக்கத்தில் நாங்கள் எப்படி நடுங்கினோமோ, அப்படித்தான் எங்களுக்குப் பக்கத்தில் கைத்தடியோடு நடக்கும் பெரியவர் நடுங்குவார்.

விழுந்த கதையை வீட்டில் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்தச் சந்திப்பில் இறங்கி, நடப்பவரோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக் கடப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு தீபாவளிக்கு முன்பு, சிராங்கூன் சாலை விளக்கலங்காரம் பார்க்க அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மறுநாள் காலை பென்கூலன் தெருவரை எங்களோடு நடந்து வந்தார்கள். அந்தப் பாதையில் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்த ஒருவர் சைக்கிளில் போவதை அம்மா நின்று பார்த்தார். "அவரும் ஆபீசுக்குத்தான் போறாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம்.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் குனிந்து எங்கள் சைக்கிளின் பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்துப் பத்தாது" என்றார். அன்று மாலையே பம்ப் ஒன்று வாங்கினோம்.