ஏலக்காயின் விலையும் மலையேறும் செய்தியும்



ஓரிடத்துச் செய்தி பிறிதோரிடத்தாருக்கு எவ்வாறு சென்று பயன்படுகின்றது என்பது பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நம்முள் பலர் தேனிப் பக்கத்தவர் ஆதலின், போடிமெட்டையே சான்றாக எடுத்துக்கொண்டோம்.

முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மெட்டு. அப்பால் கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்கள். காய் விளைவது மேலே. நெடுங்காலம் விலை பிறந்தது கீழே, போடிநாயக்கனூரில். போடிக்குச் சென்று மீண்டவர் சொன்னதே தோட்டக்காரர் அறிந்த விலை. சொன்னவர் வாங்குகின்ற தரப்பினராயின், மலையேறும் வழியிலேயே விலை இளைத்துவிடுவதும் உண்டு!

2007-ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. (ஏலத்துக்கே ஏலம், தமிழின் குறும்பை என்னென்பது!) போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் கூடங்கள் உள்ளன. வணிகர் மாதிரிக் காயைக் கையில் உருட்டி, நிறமும் பருமனும் நோக்கிய பின்னரே கணினியில் விலை கேட்பர். கண்ணும் கையும் அறிவதைக் கம்பி வழியே அனுப்ப இயலவில்லை போலும். அன்றன்றைய விலையை வாரியம் வெளியிடுகின்றது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, அச்செய்தி அன்றே மலையெங்கும் பரவிற்று.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் ஏலம் நின்றது. மே இறுதியில்தான் மீண்டது. அவ்விரு மாதங்களில் விலை குறைந்தது என்பதினும், விலையே தெரியாது போயிற்று என்பதே பொருந்தும். வீட்டில் காய் இருந்தது. அதற்கு எண் இல்லை. காத்திருக்க இயலாத சிறு விவசாயிக்கு, பண்டுபோலவே, வந்தவர் சொன்னதே விலை.

இனி, அக்காயைப் பறிப்பவரைப் பார்ப்போம். வைகறையில் போடிப் பக்கத்துப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியமர்ந்து மெட்டேறுகின்றனர். அவர்கள் பறித்த காயின் விலையை வளைகுடா நாட்டு வணிகரும் அறிவார். அடுத்த தோட்டத்தில் இன்று என்ன கூலி என்பதோ, பக்கத்தில் அமர்ந்தவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். ஜீப்பினுள் நிகழும் பேச்சை ஊர்வம்பென்றே நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம், பிழை நம்முடையது.

மெட்டின் சோதனைச் சாவடியருகே, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு இரு மாநில அரசுகளையும் இச்சங்கம் வேண்டுதல் நன்று. அதற்குரிய தீர்மானத்தை இன்றைய கூட்டத்திலேயே முன்வைக்க விரும்புகின்றோம்.