பள்ளியும் விளையாட்டு மண்டபமும்

(பள்ளிபாளையம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடம் ஒன்று விளையாட்டிற்கும் பிற பயிற்சிகட்குமாக ஒரு மண்டபம் எழுப்ப முற்படுங்கால், முதற்கண் வேண்டப்படுவது யாது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

‘பிள்ளைகள் படிக்கட்டும், விளையாட்டு எதற்கு?’ என்பார் நம்முள் இன்றும் உளர். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் அறிவுடைமையோடு விளையாட்டையும் ஒருங்கு வைத்து எண்ணினார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் பள்ளிக்கு விளையாடுமிடம் வேண்டுமென விதித்துள்ளது. நம்மூரோ விசைத்தறி ஓசை ஓயாத ஊர். வீட்டை ஒட்டித் தறி. தறியை ஒட்டித் தெரு. இவ்விடத்துக் குழந்தை கால்வீசி ஓடுதற்குப் பள்ளியை விட்டால் வேறு களம் ஏது?

ஆயினும், மண்டபம் எழுந்துவிட்டால் விளையாட்டு வளர்ந்துவிடும் என்று கருதுதல் கூடாது. 1891இல் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணாக்கர் சிலர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் ஒப்புவிக்கப்பட்டனர். மண்டபம் இருந்தது, அதனுள் ஆடத்தக்க ஆட்டம் இல்லை. அவர் பழக்கூடைகள் இரண்டனை மேலே அறைந்து, பதின்மூன்று விதிகளை வகுத்தார், கூடைப்பந்தாட்டம் பிறந்தது. கட்டடத்திற்கு உயிரூட்டியவர் ஆசிரியரே. இவ்வுண்மை அறிந்தே ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களை ஆக்குதற்கென ஒரு கலாசாலை தொடங்கினார்.

தொலைதூரம் செல்வானேன்? நம் சேலம் ஜில்லாப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்தவர். அவரை உயரம் தாண்டுமாறு ஊக்கியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். 2016இல் ரியோ நகரத்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் இந்திய அணியிற் கிரிக்கெட் ஆடினார். 2023இல் தம் சிற்றூரிலேயே ஆடுகளம் ஒன்று அமைத்தார். சிற்றூர்ப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவன திறந்த வெளியும் திறனறியும் கண்ணுமே என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

அங்ஙனமாயின் மண்டபம் வேண்டாவோ எனின், வேண்டும். நம் சமவெளியின் பங்குனி, சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அதன் அருமை விளங்கும். ஆனால் சில முறைகள் உள. இருக்கும் மைதானத்தை விழுங்கிக்கொண்டு மண்டபம் எழுதலாகாது. அது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். கூடைப்பந்துக் களத்திற்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் வேண்டும். அதனுள்ளேயே 18க்கு 9 மீட்டர் கைப்பந்துக் களத்தையும், 13க்கு 10 மீட்டர் சடுகுடுக் களத்தையும் வெவ்வேறு வண்ணக் கோடுகளால் வரைந்துகொள்ளலாம். பந்து தடையின்றி எழுதற்குக் கூரை 7 மீட்டருக்குக் குறையலாகாது. வெறுந் தகரம் வேய்ந்தால் உள்ளே உலைக்களம் போலாகும்; வெப்பந் தடுக்கும் கூரையும், மேற்புறம் காற்று வெளியேறும் வழியும் வேண்டும். பெண்மக்கட்கு உடைமாற்றும் அறையும் கழிப்பிடமும் இல்லையேல், அம்மண்டபம் பாதிப் பிள்ளைகட்கு மூடப்பட்டதே.

இவற்றினும் பெரிது காலம். பரீட்சை நெருங்கியவுடன் விளையாட்டு மணியைக் கணக்கிற்குக் கொடுக்கும் வழக்கம் நீங்காதவரை, மண்டபத்தின் பூட்டு துருவேறும். வெற்றி பெறும் பன்னிருவர்க்கு மட்டுமன்றி, மெலிந்த பிள்ளைக்கும் அஞ்சும் பிள்ளைக்கும் வாரந்தோறும் அங்கே இடமிருத்தல் வேண்டும். நம்மவர் பிள்ளை, பிறர் பிள்ளை என்னும் வேற்றுமை அதன் வாயிலுக்கு வெளியே நிற்பதாக.

செல்வம் படைத்த அன்பர்களே! கொடை கேட்டு வருவார் உங்கள் பெயரைக் கல்லிற் பொறிப்போம் என்பர். அவர்களை மூன்று கேளுங்கள்: மைதானம் எஞ்சுமா? ஆசிரியர் உளரா? எல்லாப் பிள்ளைகளும் ஆடுவரா? மூன்றற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின் மனமுவந்து வழங்குங்கள். ஆசிரியர் ஊதியத்திற்கும் பராமரிப்பிற்கும் ஒரு பங்கை ஒதுக்கி வழங்குங்கள். அத்தகைய அறத்திற்குத் திருவருள் துணைநிற்பதாக.